பண்டல் சீட்டுக்குள் போன மெயில்

ஆயுத பூஜை லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று, ஆபீஸ் கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதன் வயிற்றில் பழையது ஒன்றும் இல்லை என்பது மத்தியானம் வரை யாருக்கும் உறைக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. திருப்பூரில் எக்ஸ்போர்ட் பண்ணுகிறவர்கள் பேக்ஸிலிருந்து மெயிலுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனதால் நான் பனியன் கம்பெனிக்கு வந்து சேர்ந்தவன். காலையில் போன் லைனை மோடத்தில் செருக வேண்டும். அது வயிற்றுவலி வந்த பூனை மாதிரி கத்தி ஓய்ந்ததும் மெயில்களை இறக்கி, பிரிண்ட் எடுத்து, மெர்ச்சண்டைசர் அக்காவின் மேசையில் வைக்க வேண்டும். இதுதான் என் முதல் வேலை. இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்றாலும், ஆச்சரியக்குறிகளை எண்ணியே வெள்ளைக்காரர் எவ்வளவு கோபத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன்.

அக்காவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். என்ன துணி, என்ன நிறம், என்ன பட்டன் என்று சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர்களோடு எழுதிப் பேசி முடிவு செய்வது அவர் பொறுப்பு. அப்போதுதான் ஊரில் தனியாக இருந்த அம்மாவை இங்கே கூட்டி வந்து ஒரு வீடு பிடித்திருந்தார். "எங்கம்மைக்கு உங்க ஊரு தண்ணி பிடிக்கல, ஆனா வேலை இருக்குதுல்லா, சகிச்சுக்கிடுதா" என்பார்.

முதலாளி குண்டடம் பக்கத்து விவசாயக் குடும்பம். காட்டில் ஒரு பொருளையும் வீணாக்காமல் வளர்ந்தவர். பேப்பரையும் விடமாட்டார். எங்கள் கம்பெனியில் படித்து முடித்த மெயிலின் முதுகுப்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது? அதை எட்டாகக் கிழித்து பண்டல் சீட்டு ஆக்கிவிடுவோம். கட்டிங் மேசையில் வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாகக் கட்டும்போது, சைஸும் பண்டல் நம்பரும் எழுதி உள்ளே செருகுகிற துண்டுதான் பண்டல் சீட்டு. அந்தக் கட்டைத் தைத்து முடிக்கிற டெய்லர் சீட்டை எடுத்து வைத்துக்கொள்வார். சனிக்கிழமை சீட்டைக் காட்டினால் கூலி. சீட்டு இல்லையென்றால் நீ தைக்கவே இல்லை என்று அர்த்தம்.

அக்கா ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "மெயிலை எல்லாம் ஆர்டர் வாரியா பைல் போட்டு வைக்கலாம் சார்."

"பேப்பரு எதுக்கு அம்மிணி? அதுதான் கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்குதல்லோ. படிச்சாச்சுன்னா சீட்டுக்குக் குடுத்துரு" என்றார் முதலாளி.

அதே முதலாளி, ஆயுத பூஜைக்கு முதல் நாள் மிஷின்களை எல்லாம் துடைத்துச் சந்தனம் வைத்துக்கொண்டே ஆபீசுக்குள் வந்தார். நான் பொரி பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். அக்கா பேக்கிங்கில் இருந்தார். முதலாளி கம்ப்யூட்டரின் வெளிப்பக்கத்தைத் துடைத்து முடித்து, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்றா இது, இத்தன கெடக்குது? எல்லாத்தையும் பேப்பர்ல எடுத்தாச்சல்லோ, உள்ள எதுக்குக் குப்ப?"

உட்கார்ந்தார். காட்டில் களை பிடுங்குகிற மும்முரம். வந்த மெயில், போன மெயில், கடைசியாகக் குப்பைத்தொட்டி, எல்லாம் காலி. "அப்படியே கரண்டு பில்லும் உள்ள இருக்குதானு பாருங்க, சேத்து அழிச்சுருங்க" என்றேன். "பொட்டலத்தப் பாத்து மடிடா, பொரி கொட்டுது" என்றார். நானும் சிரித்துக்கொண்டே மறந்துபோனேன்.

லீவு முடிந்த அந்த மத்தியானம், அமெரிக்க பையரின் ஆள் மெட்ராஸிலிருந்து இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தார். சட்டைகள் எல்லாம் பெட்டியில் அடைத்துத் தயாராக இருந்தன. ஒரு பெட்டியைப் பிரித்து ஒரு சட்டையை எடுத்தார். தையலை இழுத்துப் பார்த்தார். அளவு பிடித்தார். பிறகு பட்டனில் விரலை வைத்தார்.

"ஆர்டர் ஷீட்ல நீல பட்டன்னு இருக்கு. இது வெள்ளை. யார் மாத்தச் சொன்னது?"

"உங்க அமெரிக்கா ஆபீஸ் மேடம்தான் சார்" என்றார் அக்கா. "நீல பட்டன் துவைச்சா சாயம் விடுதுன்னு நான் எழுதினேன். அப்போ வெள்ளையே போடுங்கன்னு பதில் வந்துச்சு."

"எனக்கு அப்படி ஒண்ணும் சொல்லலையே. மெயிலைக் காட்டுங்க."

அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அன்று காலையில் வந்த ஒன்றிரண்டு மெயிலைத் தவிர திரை வெள்ளைவெளேர் என்று இருந்தது. மேலேயும் கீழேயும் ஓட்டிப் பார்த்தார். ஓட்டுவதற்கே ஒன்றும் இல்லை.

"ஏல, இதுல இருந்ததெல்லாம் எங்கல?"

நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி சுவரிலிருந்த சரஸ்வதி படத்தைப் பார்த்தார். மெயிலை ஒருமுறை இறக்கிவிட்டால் அது வந்து கிடந்த சர்வரிலும் அழிந்துவிடுகிற ஏற்பாடு எங்களுடையது. எங்கள் பக்கம் வேறெங்கும் இருக்க வழியில்லை.

"பூஜைக்குச் சுத்தம் பண்ணுனதுல..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ வாய மூடு" என்றார் முதலாளி. பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "தப்பு அந்தப் பொண்ணு பேர்லதானுங்க சார். எங்கிட்டக் கேக்காம மாத்திப்போடுச்சு. இன்னியோட வேலைய உட்டு நிறுத்திர்றனுங்க. சரக்க மட்டும் பாஸ் பண்ணி உடுங்க."

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. இந்த ஊரில் ஒரு கம்பெனியில் மத்தியானம் நடந்தது, டீ நேரத்துக்குள் எல்லாக் கம்பெனிக்கும் போய்விடும். பையரை ஏமாற்றி பட்டனை மாற்றியவள் என்று பெயர் வந்துவிட்டால் அவரை யாரும் எடுக்க மாட்டார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி தூத்துக்குடி பஸ் ஏற வேண்டியதுதான்.

"ஆளை நிறுத்தறது உங்க விஷயம் சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "எனக்கு மேடம் ஓகே சொன்னது எழுத்துல வேணும். அமெரிக்காவுல இப்ப விடியக்கூட இல்ல, கேக்கவும் முடியாது. சாயந்தரம் நான் கோயமுத்தூர் போய் ப்ளைட் பிடிக்கணும். அதுக்குள்ள காட்டினா கையெழுத்து. இல்லேன்னா ரிஜெக்ட்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மெயில் எங்கயும் போகலீங்க. தையல் செக்ஷன்ல இருக்குதுங்க."

மூன்று பேரும் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதுபோல் பார்த்தார்கள்.

"பிரிண்டு எடுத்தத நான்தான சீட்டாக் கிழிச்சேன்? அந்தச் சீட்டெல்லாம் அடுத்த ஆர்டர் பண்டலுக்குப் போச்சு. சனிக்கிழமைக்கு முன்னாலயே லீவு உட்டுட்டோம், இன்னும் கூலி போடல. சீட்டெல்லாம் டெய்லருங்ககிட்டத்தான் இருக்கோணும்."

எத்தனையோ சீட்டில் எட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் ஒரு வழி இருந்தது. அந்த மெயில் வந்த அன்றுதான் பிரிண்டருக்குப் புது ரிப்பன் மாட்டினேன். அதற்கு முன்னால் வந்ததெல்லாம் நோயாளி மாதிரி வெளிறிக் கிடக்கும். இது கண்மை தீட்டினது போலக் கறுப்பாக இருக்கும்.

நானும் அக்காவும் தையல் செக்ஷனுக்கு ஓடினோம். மிஷின் சத்தத்துக்கு மேல் கத்தி விஷயத்தைச் சொன்னேன். டெய்லர்கள் சீட்டை எங்கெங்கே வைத்திருந்தார்கள் என்பதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒருவர் சட்டைப்பையில் ரப்பர் பேண்டு போட்டு, ஒரு அம்மா சுருக்குப்பையில் வெற்றிலையோடு, இன்னொருவர் பாபின் பெட்டிக்கு அடியில். ஒரு சீட்டுகூடத் தொலையவில்லை. ஆனால் சும்மாவும் தரவில்லை.

"எடுத்துட்டுப் போயிட்டு நாளைக்கு இல்லைம்பீங்க" என்றார் சுருக்குப்பை அம்மா.

"அக்கா, உங்க சீட்டத் தின்னு நான் என்ன பண்ணப்போறேன்?"

"நீ தின்னாலும் திம்ப."

ஒவ்வொருவருக்கும் பதில் சீட்டு எழுதி, அக்கா கையெழுத்துப் போட்டு, கறுப்பு எழுத்துத் துண்டுகளைப் பொறுக்கினோம். அவசரத்தில் அக்காவின் கையெழுத்து ஒன்றுபோல் ஒன்று இல்லை. கட்டிங் மேசையில் வைத்துத் துண்டுக்குத் துண்டு பொருத்தினோம். இரண்டு வேறு மெயில்களின் துண்டுகள் கலந்திருந்தன. ஒரு இடத்தில் பட்டனும் பாலியெஸ்டர் நூலும் ஒட்டிக்கொண்டு என்னவோ புதுக் கதை சொல்லின. பிரித்து மறுபடி வைத்தோம்.

வெளியே இன்ஸ்பெக்டரின் கார் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார்.

கடைசியில் அந்த மெயில் உருவாகி வந்தது. நடுவில் தெளிவாக, வெள்ளை பட்டன் போடலாம், மேற்கொண்டு செய்யுங்கள் என்று இங்கிலீஷில் இருந்தது. அக்கா "கர்த்தரே" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் குனிந்து படித்தார். "சரி. இதை யார் எழுதினது? என்னிக்கு எழுதினது?"

மெயிலின் தலைப்பகுதித் துண்டு ஒன்று இல்லை. அனுப்பியவர் பெயரும் தேதியும் அதில்தான்.

"தலை இல்லாம நான் எதை நம்பறது? நாளைக்கு யார் வேணா இப்படி அடிச்சுக் காட்டலாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. துண்டுகளின் முதுகில் நான் எழுதிய பண்டல் நம்பர்கள் வரிசையாக இருந்தன. விட்டுப்போன நம்பரைத் தைத்தவர் யார் என்று தையல் கான்ட்ராக்டர் பாயிடம் கேட்டேன். அவர் ஒரு காலி மிஷினைக் காட்டினார். அந்த டெய்லர் பூஜை லீவுக்குத் தெற்கே சொந்த ஊருக்குப் போனவன், இன்னும் திரும்பவில்லை. மிஷினுக்குக் கீழே ஒரு தகர டப்பா, சின்னப் பூட்டோடு.

"ஒடச்சுருடா" என்றார் பின்னாலேயே வந்த முதலாளி.

பாய் டப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார். "வேணாங்க மொதலாளி. சாவி எங்கிட்டத்தான் இருக்கு, நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்கான். ஆனா அது அவன் கூலி. அவன் இல்லாம தொறக்கறதுன்னா எழுதிக் குடுங்க. உள்ள எத்தன சீட்டு இருந்துச்சு, எதை எடுத்தீங்க, அதுக்குக் கூலி உண்டுன்னு. கீழ உங்க கையெழுத்து."

"ஏனுங்க பாய், என் வாக்குப் பத்தாதுங்களா?"

"உங்க வாக்குல எனக்குச் சந்தேகமே இல்லீங்க. ஆனா அவன் வந்து கேட்டா, வாக்க எடுத்து எப்படிங்க காட்டுவேன்?"

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி டெய்லருக்கு எழுதிக் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. அவருடைய காது மடல் சிவந்தது. நான் பேனாவை நீட்டினேன். கூடவே, முதுகில் எழுத ஒரு பழைய மெயிலையும் நீட்டினேன். அந்த நேரத்திலும் என் புத்தி அப்படி. அவர் என்னை முறைத்து, அதை வாங்கி, எழுதி, கையெழுத்துப் போட்டார்.

பாய் நிதானமாகப் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்த பிறகுதான் டப்பாவைத் திறந்தார். சீட்டெல்லாம் நூலில் கோத்து, மாலையாகக் கிடந்தது. எண்ணிக்கொண்டே வந்து ஒன்றில் நிறுத்தினார். கண்மைக் கறுப்பு. பெயர் இருந்தது. தேதி இருந்தது. நூல் கோத்த ஓட்டை தேதிக்குப் பக்கத்தில் விழுந்திருந்தது, தேதியில் விழவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒட்டுப்போட்ட அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, "ராத்திரி மேடத்துக்கிட்டயும் கேட்டுக்கறேன்" என்று இன்ஸ்பெக்ஷன் பேப்பரில் கையெழுத்துப் போட்டார். "உங்க ஆபீசை விட உங்க டெய்லருங்க நல்லா பைல் பண்றாங்க சார்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறப் போனார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் அக்கா. பிறகு முதலாளியைப் பார்த்தார். குரல் தாழவில்லை. "இவங்க முன்னால என் பேர்ல தப்புன்னு சொன்னீங்க. அது இல்லைன்னும் சொல்லுங்க. வாயால வேண்டாம். இவங்களுக்கு ஒரு மெயில் போட்டிருங்க. அப்படின்னாதான் நாளைக்கு நான் வேலைக்கு வருவேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சரஸ்வதி படத்தைப் பார்த்தேன்.

"சரி அம்மிணி" என்றார் ஒருவழியாக. ஒற்றை விரலால் அவரே தட்டினார். நான் எழுத்தைத் தேடிக் கொடுத்தேன். பட்டன் மாற்றியதில் எங்கள் மெர்ச்சண்டைசர் மேல் தப்பில்லை, மெயில்களை அழித்தது நான் என்று இரண்டே வரி. மோடம் கத்தியது. போய்ச் சேர்ந்தது.

அக்கா இரண்டு பிரிண்ட் எடுக்கச் சொன்னார்.

"ரெண்டு எதுக்கு அம்மிணி?"

"ஒண்ணு பைலுக்கு சார். ஒண்ணு எனக்கு."

மறுநாளே முதலாளி பைல் வாங்க ஆள் அனுப்பினார். பிரிண்ட் எல்லாம் ஆர்டர் வாரியாகப் பைலுக்குப் போனது. வாரக் கடைசியில் மெயில்களை ஆர்டர் பெயர் போட்டு ப்ளாப்பியில் ஏற்றி ஒரு டப்பாவில் வைப்பது என் வேலையானது. போன வருஷத்துச் சட்டையே மறுபடி வேண்டும் என்று ஒரு பையர் கேட்டபோது, அந்த நிறத்துக்கு அவர் எத்தனையாவது சாம்பிளில் தலையாட்டினார் என்று டப்பாவைத் திறந்து சொன்னோம். புதிதாக வேலைக்கு வந்த ஒரு பையன் பழைய மெயில்களைப் படித்தே எந்த பையர் எதற்குச் சண்டை போடுவார் என்று தெரிந்துகொண்டான். பண்டல் சீட்டுக்கு இனிமேல் புதுப் பேப்பர் என்று முதலாளி சொன்ன அன்று, அவர் மனசு பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவர் சந்தனக் கிண்ணத்தோடு ஆபீசுக்குள் வந்தபோது நான் கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"தள்ளுடா, வெளிலதான் துடைக்கப்போறேன்" என்றார். துடைத்தார். பொட்டு வைத்தார். பிறகு ப்ளாப்பி டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"இதுக்குள்ள அதுவும் இருக்குதா? நான் தட்டுனது?"

"மொத ப்ளாப்பிலயே இருக்குதுங்க."

டப்பாவை மூடினார். பிறகு அதன் மூடியில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, அடுத்த மிஷினுக்குப் போனார்.