வெள்ளிக்கிழமைத் தேங்காயும் விரிசல் விட்ட கியர்களும்

பழுக்கக் காய்ந்த இரும்பு எண்ணெயில் இறங்கும்போது 'சொய்ங்' என்று ஒரு சத்தம் வரும்... கூடவே எங்கள் ஷெட்டில் மட்டும் லேசாகத் தேங்காய் வாசனையும் வரும். உள்ளே யாரோ பலகாரம் சுடுகிறார்கள் என்று கேட்டில் நின்று மோப்பம் பிடித்தவர்கள் உண்டு.

ரேணிகுண்டாவில், இரும்பைச் சுட்டுக் கெட்டியாக்கித் தரும் ஒரு சின்ன ஹீட் ட்ரீட்மென்ட் ஷெட் அது. தொண்ணூறுகள். மெட்ராஸ் பக்கம் புதுப்புது கார் கம்பெனிகள் வந்து இறங்கிய நேரம். கியரோ, பின்னோ, எதையாவது செய்து கொடுத்து நாமும் தொற்றிக்கொள்ள மாட்டோமா என்று ஊரில் பாதிப் பேர் அலைந்தார்கள். எங்கள் ஓனரும் அதில் ஒருவர். நல்ல மனிதர். சாதாரணமாகத் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் தெலுங்கு.

நான் புத்தூரிலிருந்து காலை பாசஞ்சரில் போவேன். மெட்டலர்ஜி டிப்ளமோ முடித்த கையோடு கிடைத்த வேலை. அந்த ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் நான்தான்.

எனக்கென்று மூலையில் ஒரு மைக்ரோஸ்கோப், எமரி பேப்பர், கொஞ்சம் ஆசிட். கியரை வெட்டி, கண்ணாடி மாதிரி தேய்த்து, ஆசிட் தடவிப் பார்த்தால் இரும்பின் உள்முகம் தெரியும். மெதுவாக ஆறிய இரும்பு அடுக்கடுக்காக இருக்கும், அது மிருது. எண்ணெயில் சட்டென்று ஆறியது கோரைப்புல்லைக் கொட்டி வைத்த மாதிரி ஊசி ஊசியாக இருக்கும், அது கெட்டி. ஒரே இரும்புதான்... ஆறுகிற வேகம்தான் வேறு. முதல்முறை பார்த்த அன்று மத்தியானம் சாப்பிடவே மறந்துவிட்டேன்.

ஆறுகிற வேகம் ரொம்பக் கூடிப்போனால்? விரிசல்தான்.

நான் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அது வந்தது. மெட்ராஸுக்குப் போன சாம்பிள் கியர்கள் அப்படியே திரும்பின. பர்னஸை, அதாவது உலையைப் பார்த்துக்கொண்ட முனிரத்தினம் அண்ணன் என் காதில் விழும்படியே சொன்னார்:

"இந்தப் பொண்ணு கால வச்சதுலருந்துதான்பா இப்டி ஆயிக்கினு கீது."

எனக்குச் சுருக்கென்றது.

மெட்ராஸ் ஆர்டர் வந்த சந்தோஷத்தில், நான் சேர்ந்த அதே சமயம், ஓனர் ஒரு வழக்கத்தை ஆரம்பித்திருந்தார். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் ஆயில் டேங்க்கின் இரும்பு விளிம்பிலேயே ஒரு தேங்காய் உடைப்பது. விரிசல் வந்ததும் திருஷ்டிக்காக மூன்று தேங்காய். விரிசல் கூடியது. தேங்காயும் கூடியது.

ஒரு நாள் கியர்கள் இறங்கியதும் எண்ணெய் நுரைத்துப் பொங்கியது. முனிரத்தினம் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பாத்தியாம்மா, கங்கம்மாவே பொங்க வச்சிட்டா!"

நானும் கும்பிட்டேன். பொய் சொல்வானேன்.

அப்புறம்தான் ஓனர் என்னைக் கூப்பிட்டார். "மெட்ராஸ்காரங்க கடைசியா ஒரு சான்ஸ் குடுத்துக்கிறாங்க. அவங்களே நேர்ல வந்து பாப்பாங்களாம். இதுவும் போச்சுன்னா நீ வேற எடம் பாத்துக்கம்மா. இவனுங்க வாய என்னால அடைக்க முடியல."

வேற இடமா? வீட்டில் நைனா ஏற்கெனவே, "ஊட்ல இருந்துக்கினு டீச்சர் ட்ரெய்னிங் படிம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வேலை போனால் அதோடு சரி, இரும்புப் பக்கமே என்னை விடமாட்டார்.

விரிசல் விட்ட கியரை எடுத்து மறுபடி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். விரிசல் முதலிலேயே இருந்து பர்னஸுக்குள் போயிருந்தால், அந்தச் சூட்டில் அதன் ஓரம் வெளுத்திருக்கும். வெளுக்கவில்லை. அப்படியென்றால் உடைந்தது எண்ணெயில்தான்.

டேங்க்கின் அடிக்குழாயில் கொஞ்சம் எண்ணெய் பிடித்து, தகர மூடியில் ஊற்றி ஸ்டவ்வில் வைத்தேன். கடுகு போட்ட மாதிரி படபடவென்று வெடித்தது. தண்ணீர்! மழையும் இல்லை, கூரை ஒழுகவும் இல்லை, எங்கிருந்து வந்தது?

டேங்க் விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்த தேங்காய்ச் சில்லைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. ஆனால் மெட்ராஸ்காரர்கள் வரும் காலையில் அதே விளிம்பில் நூற்றெட்டு உடைப்பதாக ஓனர் வேண்டிக்கொண்டு, திருச்சானூரிலிருந்து மூட்டையே வந்து இறங்கிவிட்டது. ராசியில்லாதவள் என்று பெயர் வாங்கியவள் போய்த் தேங்காயை நிறுத்தச் சொல்ல வேண்டும்!

மறுபடி கொஞ்சம் எண்ணெய் பிடித்து, மூடியையும் ஸ்டவ்வையும் ஓனரிடம் தூக்கிக்கொண்டு போய்ப் பற்றவைத்தேன். "சார், சாமிக்கு ஒடைங்க. டேங்க்ல மட்டும் வேணாம். தேங்காத் தண்ணி எறங்கி எறங்கி எண்ணெ கெட்டுப்போச்சு. அதுல கியரு தடால்னு ஆறுது, வெடிக்குது."

படபடவென்று வெடிக்கிற எண்ணெயைக் குனிந்து பார்த்தார். தெலுங்கு வருமென்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப... இத்தினி நாளா கியர ஒடச்சது நானாம்மா?"

தமிழ்! எனக்கு உயிர் வந்தது. அவரும் சிரித்துவிட்டார். "சரி, கேட்ல ஒடைப்போம். சாமிக்கி கேட்டும் ஒண்ணுதான், டேங்க்கும் ஒண்ணுதான்."

பழைய எண்ணெயை இறக்கிப் புதிதாக நிரப்பினோம். நூற்றெட்டும் கேட்டில் உடைந்தன. மெட்ராஸ்காரர்கள் ஷூ நனைய உள்ளே வந்து, ஒரு விரிசல்கூட இல்லாத கியர்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆர்டர் வந்தது. அந்த வாரம் முழுக்க எல்லார் வீட்டிலும் தேங்காய்த் துவையல்தான்.

கதை இதோடு முடிந்தால் நான் விஞ்ஞானத்தை ஜெயிக்க வைத்ததாகப் பீற்றிக்கொள்ளலாம்.

அடுத்த பெரிய லாட் கியர்களைச் சுட வேண்டிய அன்று என் பாசஞ்சர் லேட். ஓடி வந்து பார்த்தால் கியர் எல்லாம் தட்டில் அடுக்கியபடி இருக்கிறது, ஆட்கள் சும்மா நிற்கிறார்கள்.

"இன்னாண்ணா, ஏன் ஆரம்பிக்கல?"

முனிரத்தினம் அண்ணன் நகர்ந்து வழிவிட்டார். "நீ வந்து பர்னஸ் சுவிட்ச் போட்டாத்தாம்மா விரிசல் வராது. ராசியான கை."

தண்ணீர், எண்ணெய், ஊசி ஊசியான இரும்பு என்று மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டினார்.

"எல்லாம் சரிம்மா... சுவிட்ச போடு."

இப்போது ஓசூரில், பெரிய கம்பெனியில் இருக்கிறேன். எங்கள் பிரிவில் எண்ணெய் டேங்க்கே கிடையாது. மூடிய பர்னஸுக்குள் வாயுவை வேகமாக அடித்தே ஆறவைக்கிறார்கள். கம்ப்யூட்டர் தானே ஆரம்பித்து, தானே முடித்து, ரிப்போர்ட்டும் அனுப்பிவிடும். விரிசல் வருவதே அபூர்வம். நான் ஒரு வாரம் லீவு போட்டாலும் எதுவும் நிற்காது. நல்லதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அன்றைக்கு ஒரு ஷெட்டே எனக்காகக் காத்துக்கொண்டு நின்றது... மூடநம்பிக்கைதான், ஒத்துக்கொள்கிறேன்.

அங்கே வேலை பார்த்த வரைக்கும், அந்த சுவிட்சை வேறு யாரையும் நான் தொட விடவில்லை.