மூன்று முறை வாசித்த ஓலை: பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு

வரும் ஞாயிறு கிள்ளானில் சபைக் கூட்டம் என்று அறிவித்த நாளிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் நான் தெருவில் இறங்க முடியவில்லை. "வண்டி ஓடுதா? எத்தனை மணிக்கு?" என்று ஆளாளுக்கு மறிக்கிறார்கள். ரயில்வே குமாஸ்தாவாக இருப்பதற்கு இதுவும் ஒரு தண்டனை. சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதிச் சபைப் பலகையில் ஒட்டிவிட்டேன், படித்துக்கொள்ளுங்கள். ஆனால் வழியை மட்டும் எழுதிவிட்டு என்னால் சும்மா இருக்க முடியாது. நாற்பத்து மூன்றில், ஜப்பான்காரன் காலத்தில், என் தங்கை லில்லியை அழைத்துக்கொண்டு இதே வழியில் போனேன். அந்தக் கதையும் தெரிந்துகொண்டு கூட்டத்துக்கு வருவது நல்லது.

லில்லிக்கும் கிள்ளான் சாமுவேலுக்கும் நிச்சயமாகியிருந்தது. சாமுவேல் தோட்டத்தில் குமாஸ்தா. அப்போது சயாம் காட்டில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகாதவன் பெயர்தான் முதலில் என்று பேச்சு. அடுத்த வாரம் அவர்கள் தோட்டத்துக்கு ஆள் ஏற்ற லோரி வருகிறது என்று தகவல் வந்தது. நம் முறைப்படி ஓலை வாசிக்காமல் கல்யாணம் இல்லை. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சபை நடுவே வாசித்தாக வேண்டும். எங்கள் பாதிரியாரான வெள்ளைக்கார ஐயரோ சிங்கப்பூரில் சிறையில் இருந்தார். கோயிலை ஜப்பான்காரன் கிடங்காக்கி அரிசி மூட்டை அடுக்கியிருந்தான். கையில் இருந்ததோ ஒரே ஒரு ஞாயிறு.

சனிக்கிழமை காலை எட்டு மணி வண்டிக்குப் புறப்பட்டோம். எட்டு மணி என்றால் தோக்கியோ மணி. நம் சூரியனுக்கு அது ஆறரைதான், இருட்டுகூட முழுதாக விலகவில்லை. டிக்கெட் ஆளுக்கு ஒரு டாலர், ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டில். லில்லி தலைமுடியை ஒட்ட வெட்டி, என் பழைய காற்சட்டையும் சட்டையும் மாட்டியிருந்தாள். வயசுப் பெண்களை அப்படித்தான் வெளியே கூட்டிப்போவோம். ஸ்டேஷன் வாசலில் ஜப்பான் காவல்காரனுக்குக் குனிந்து கும்பிட்டோம். அவள் என்னைவிட நன்றாகக் குனிந்தாள்.

இருபது மைல் சொச்சம்தான் தூரம். ஆனால் நிலக்கரி கிடையாது, ரப்பர் விறகில் ஓடிய எஞ்சின். பத்துத் தீகா ஸ்டேஷனில் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. "எல்லாரும் இறங்குங்க லா, விறகு ஏத்தணும். ஏத்தலேன்னா நடந்து போங்க!" என்று எஞ்சின்காரர் கத்தினார். கல்யாணப் பெண்ணும் இறங்கி விறகு சுமந்தாள். "தம்பிக்கு நல்ல பலம்" என்று அவளை அவர் தட்டிக்கொடுக்கப் போக, நான் நடுவில் பாய்ந்து முதுகைக் காட்டி அந்த அடியை வாங்கிக்கொண்டேன். கிள்ளானில் இறங்கும்போது தோக்கியோ மணி ஒன்று. அங்கிருந்து தோட்டத்துக்கு இரண்டு மைல் நடை.

அங்கே கோயில் எது தெரியுமா? ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடம். வாங்குவதற்கு ஆளில்லாமல் ரப்பர் வெட்டு நின்றுபோனதால் கூடம் காலியாகக் கிடந்தது. கோயிலைப் பறிகொடுத்த மூன்று சபைகள் அதற்குள் இருந்தன. ஜெபத்தைப் புத்தகம் பார்த்துச் சொல்கிற நாங்கள் புத்தகச் சபை. சாமுவேல் வீட்டார் கைதட்டுச் சபை. மூன்றாவது யாழ்ப்பாணச் சபை, அவர்கள் ஒரு பாட்டை இழுத்துப் பாடி முடிப்பதற்குள் சோறு வெந்துவிடும். மூன்றுக்கும் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு தமிழ் ஐயர். மலேரியாவில் வற்றிப்போன மனிதர். ஞாயிறுதோறும் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஆராதனை நடத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"மூணு ஞாயிறுன்னு விதி இருக்கே, தம்பி. நான் என்ன செய்ய?" என்றார்.

"மூணாவது ஞாயிறு மாப்பிள்ளை சயாமில இருப்பாரு, ஐயா" என்றேன்.

லில்லி காற்சட்டையோடு முன்னால் வந்தாள். "ஐயா, நாளைக்கு மூணு ஆராதனை நடக்குதுல்ல? மூணுலயும் வாசிங்க. மூணு சபை கேட்ட மாதிரி ஆகும்ல?"

ஐயர் சிரித்தார், இருமினார். "வாசிப்போம். ஆனா யாராவது ஆட்சேபணைன்னு எழுந்தா நான் நிறுத்தித்தான் ஆகணும்."

அந்த 'யாராவது' யார் என்று எனக்குத் தெரியும். சாமுவேலின் தாயார் ரூத்தம்மாதான். கல்யாணத்துக்கு முன் லில்லி கைதட்டுச் சபைக்கு மாறவேண்டும் என்று நிச்சயத்தன்றே நிபந்தனை போட்டவர். லில்லி பிடிகொடுக்கவில்லை. அன்று மாலை எங்களுக்குக் கஞ்சி ஊற்றியபோதும் ரூத்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஊற்றினார்.

ஞாயிறு முதல் ஆராதனையில் ஓலை வாசித்தார்கள். சத்தமில்லை. இரண்டாவதில் வாசித்தார்கள், குழந்தை ஒன்று அழுததோடு சரி. மூன்றாவது, யாழ்ப்பாணச் சபையின் ஆராதனை. ஐயர் கம்மிய குரலில், "ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போது சொல்லலாம்" என்றார்.

"எனக்கு இருக்கு."

ரூத்தம்மா எழுந்து நின்றார். சாமுவேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். லில்லி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"பொண்ணு மேல இல்ல, பையன் மேலயும் இல்ல" என்றார் ரூத்தம்மா. "காலையிலேருந்து இதே ஓலையை மூணு தடவை வாசிக்கிறீங்களே ஐயா, யாருக்கு? முதல் ஆராதனை முடிஞ்சு எழுந்து போனது யாரு? கஞ்சிக்கு நேரமாகலைன்னு எல்லாரும் இங்கேயேதான் குந்தியிருக்கோம். ஒரே அடுப்புல காய்ச்சி ஒரே பானையில குடிக்கிறோம். போன வாரம் காய்ச்சல்ல செத்தவங்களை ஒரே குழி வெட்டித்தான் புதைச்சோம். அப்புறம் எதுக்கு மூணு சபை, மூணு ஆராதனை? இந்த மனுசன் தொண்டை கிழிஞ்சு சாகவா?"

யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமிவிட்டு, "சரியாத்தானே கதைக்கிறா" என்றார்.

"அப்ப மருமக எந்தச் சபை, ரூத்தம்மா?" என்று ஐயர் கேட்டார்.

"என் பக்கத்துல உட்காருற சபை" என்று சொல்லிவிட்டுத் தன் முந்தானையை இழுத்து லில்லியின் மொட்டைத் தலையில் போட்டார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. அன்று மாலையே கல்யாணம் முடிந்தது. விருந்து, கொஞ்சம் வெல்லம் கூடுதலாகப் போட்ட மரவள்ளிக் கஞ்சி.

சொன்னபடி லோரி வந்தது. பெண்டாட்டி உள்ளவன் என்று சாமுவேலை அந்தத் தடவை விட்டுவிட்டார்கள். ஏறிப்போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களை நினைக்காமல் எங்கள் சந்தோஷத்தைச் சொல்லக் கூடாது. மறு ஞாயிறிலிருந்து புகைக்கூடத்தில் ஒரே ஆராதனைதான். புத்தக ஜெபம், கைதட்டு, இழுவைப் பாட்டு, எல்லாம் ஒன்றாகக் கலந்து நடந்தது. எந்தப் பாட்டு முதலில் என்று வாராவாரம் சண்டையும் தவறாமல் நடந்தது. அதனால் யாரும் செத்துவிடவில்லை.

இப்போது யுத்தம் ஓய்ந்து, வெள்ளைக்கார ஐயர்மார் திரும்பி வருகிறார்கள். மூன்று கோயிலின் சாவியும் வந்துவிடும். கிள்ளானிலும் இங்கேயும் பழையபடி மூன்றாகப் பிரிந்துவிடலாமா என்பதுதான் ஞாயிறு கூட்டத்தின் கேள்வி. மூன்று கட்டிடமும் இருக்கட்டும், பெருக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்வோம். ஆனால் இனி வரும் காலத்தில் எந்த ஐயர் எப்போது சிறைக்குப் போவாரோ, எந்தக் கோயிலில் எவன் மூட்டை அடுக்குவானோ, யாருக்குத் தெரியும்? ஐயரும் இல்லாமல் கட்டிடமும் இல்லாமல் சபையாக இருக்கக் கற்றுக்கொண்டோம். படித்த பாடத்தை மறந்துவிட்டு மறுபடி முதல் வகுப்பில் போய் உட்காரவா?

இனி வழி. வண்டி காலை எட்டு மணிக்கு, இப்போது நம் மணிதான். மூன்றாம் வகுப்பு அறுபது காசு. வாழைமர நோட்டை நீட்டாதீர்கள், கௌன்டரில் இருப்பது நான்தான், திட்டிவிடுவேன். ஒன்றரை மணி நேரம் ஆகும், பத்துத் தீகாவில் நின்றால் இரண்டு. குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சேலை வேண்டாம், கூட்டம் நடக்கும் புகைக்கூடத்துச் சுவர் இன்னும் கரிதான்.

ஒரே ஒரு வேண்டுகோள். வண்டியில் ஜன்னலோரம் ஓர் இடம் விட்டுவையுங்கள். சாமுவேலுக்கு இங்கே வேலை கிடைத்ததிலிருந்து ரூத்தம்மாவும் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறார். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரும் வருகிறார். கூட்டத்தில் அவருக்கு ஓர் ஆட்சேபணை இருக்கிறதாம்.