ராக்கையா கேட்ட பவர் மாத்திரை

என் அக்காள் புருசன் ராக்கையாவுக்குப் பேசத் தெரியாது, அடிக்கத் தெரியும். போடிமெட்டுச் சரிவில் ஒரு ஏலத்தோட்டத்தில் கங்காணி. ஜீப்பில் முன்சீட்டு கிடைக்காவிட்டால் டிரைவரை அடிப்பார். சோற்றில் கல் கடித்தால் என் அக்காள் ஒச்சம்மாளை அடிப்பார். அதே தோட்டத்தில் வேலை பார்க்கிற நானும் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். அவரைப் பற்றி நல்லவிதமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், கோபம் விடமாட்டேன் என்கிறது.

செடியைத் தொடும்போது மட்டும் அந்த மனுசன் வேறு ஆள். மழைக்காலத்தில் ஏலத்துக்கு அழுகல் வரும். தூரில் பிடித்துவிட்டால் செடியே சாய்ந்துவிடும். மற்றவர்கள் துருசு என்கிற மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அடிப்பார்கள். ராக்கையா நம்பியது நல்ல நுண்ணுயிரை. அதன் பொடியை வாங்கி வந்து, மக்கின சாணியில் கலந்து, ஈரச்சாக்குப் போட்டு மூடி, இரண்டு வாரம் வளர்ப்பார். பச்சையாகப் பூசணம் பூத்து வந்ததும் தூருக்குத் தூர் வைப்பார். "நல்லது குடியேறிட்டா கெட்டதுக்கு எடமில்ல மாப்ளே" என்பார். வைத்த கையோடு அந்தப் பக்கம் துருசு மருந்து போகக் கூடாது. போனால் நல்லதும் சேர்ந்து செத்துவிடும். தோட்டத்தில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வைத்திருந்தார்.

போன ஆடி மாசம், புதிதாக வந்த அமாவாசை என்கிற ஆள் விவரம் தெரியாமல் அந்தச் செடிகளுக்குத் துருசு அடித்துவிட்டான். ராக்கையா அவன் கையிலிருந்த, மருந்தடிக்கிற பித்தளைக் குழலைப் பிடுங்கி அவன் தோளிலேயே போட்டார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவனை மிதித்தார். "உசுர வச்சிட்டுப் போயிருக்கேன், அதுமேல வெசத்த ஊத்துறியாடா?" என்று கேட்டுக் கேட்டு மிதித்தார். நாலு பேர் சேர்ந்துதான் பிடித்து இழுத்தோம். அமாவாசைக்கு இன்றைக்கும் வலது கை மேலே போகாது.

இந்த அறிவாளி வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேளுங்கள். மகள் சிவரஞ்சனிக்கு ஒன்பது வயசு. அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளை. நாங்கள் விடியுமுன் ஜீப்பு ஏறினால்தான் சோலி. ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க எங்கள் தெருவில் யாருக்கும் பொழுது கிடையாது. ஜீப்பு நிற்கிற இடத்துக்கு எதிரே சின்ராசுவின் மருந்துக்கடை. செட்டு மாத்திரை என்று கேட்டால் நாலைந்தைக் காகிதத்தில் மடித்துத் தருவார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வாங்குவோம். ராக்கையா மட்டும் "பவரானதாக் குடு" என்று கேட்டு, அட்டையோடு எடுத்து வருவார். ஆறு மாசத்தில் ஐந்து தடவை வாங்கினார். கசக்கிறது என்று பிள்ளை துப்பினால் கன்னத்தில் அறைந்து, மூக்கைப் பிடித்து, வாய்க்குள் தள்ளுவார். நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஐப்பசியில் பிள்ளைக்கு வயிற்றால் போனது. முதலில் தண்ணியாக, மூன்றாம் நாள் ரத்தமாக. ராக்கையா இன்னொரு செட்டு வாங்கி வந்தார். ஐந்தாம் நாள் வயிறு வீங்கி, காய்ச்சலில் கண் சொருகிவிட்டது. தோட்டத்து ஜீப்பிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு தேனி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் தமிழ்செல்வி, அக்காள் கொண்டுவந்த மாத்திரை அட்டைகளைப் பார்த்துவிட்டு எங்களை வெளியே கூப்பிட்டார்.

"குடல்ல கோடிக்கணக்கான நல்ல கிருமி இருக்குங்க. அதுங்க எடத்தப் பிடிச்சிருக்கறதாலதான் கெட்டது உள்ள காலூன்ற முடியல. உடம்போட எதிர்ப்புச் சக்திக்கு எத அடிக்கணும், எத விடணும்னு பழக்குறதுலயும் அதுங்களுக்குப் பங்கு இருக்கு. இது கிருமியக் கொல்லுற மாத்திரை, சாதாரணச் சளிக்குக் கேக்கவே கேக்காது. ஆனா நல்லத எல்லாம் கொன்னுருச்சு. சாகாம மிஞ்சின ஒரு கிருமி இப்பக் குடலப் புண்ணாக்குது. உடம்பு அத எதுக்குற சண்டையில குடலும் சேர்ந்து வெந்து கெடக்கு. அந்தக் கிருமிக்குன்னு தனி மருந்து குடுக்குறோம். மூணு நாள் தாண்டினாத்தான் சொல்ல முடியும்."

ராக்கையா ஒன்றே ஒன்று கேட்டார். "தூருல வச்சதுக்கு மேல துருசு அடிச்ச மாதிரியா?"

டாக்டருக்குப் புரியவில்லை. "ஆமா மச்சான், அதேதான்" என்று நான் சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

ராக்கையா விறுவிறுவென்று வெளியே போய்ப் போடி பஸ்சில் ஏறினார். நானும் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன். நேரே மருந்துக்கடை. கல்லாவுக்கு முன்னிருந்த கண்ணாடியை ஒரே உதையில் நொறுக்கினார். சின்ராசுவைச் சட்டையைப் பிடித்து இழுத்து, தலையை ஷட்டரில் இரண்டு தடவை மோதினார். ரத்தம் மூக்கு வழியாக ஓடிச் சட்டையை நனைத்தது. மூன்றாவதுக்கு இழுக்கும்போது சின்ராசு முனகினார். "நீதானய்யா கேட்ட. சின்னப் புள்ளைக்கு இது வேணாம்னு மொதத் தடவையே சொன்னேன். கடைய ஒடச்சுருவேன்னு மெரட்டுனியே, மறந்துட்டியா?"

எனக்கும் அது அப்போதுதான் தெரியும். ராக்கையாவின் பிடி விட்டது. பிறகு உடைந்த கண்ணாடி மேல் தன் வலது கையைத் தானே ஓங்கி அடித்தார். நிறுத்தாமல் அடித்தார். நான் கட்டிப் பிடித்து நிறுத்துவதற்குள் உள்ளங்கை கிழிந்து தொங்கியது. டாக்டர் சீட்டில்லாமல் விற்ற பயத்தில் சின்ராசு போலீசுக்குப் போகவில்லை.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. பத்தாம் நாள் வாய்வழியாகச் சாப்பிட விட்டார்கள். தயிர்ச்சோறு கொடுக்கலாம் என்றார் டாக்டர். "இதுவே மருந்துன்னு நெனச்சிராதீங்க. இது ஒரு தொணதான். செத்துப்போன நல்லது முழுசாத் திரும்பி வர மாசக்கணக்காகும்."

ஊட்டுவதற்கு ராக்கையா வேறு யாரையும் விடவில்லை. தானே குழையப் பிசைந்து, கட்டுப்போட்ட கையில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கரண்டியைப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோனார். கை முகத்துக்குப் பக்கத்தில் வந்ததும் சிவரஞ்சனி இரண்டு கன்னத்தையும் பொத்திக்கொண்டது. கண்ணை இறுக மூடி, வாயைப் பெரிதாகத் திறந்தது.

"துப்ப மாட்டேன்ப்பா. அடிக்காத."

கரண்டியைப் பின்னுக்கு இழுத்ததில் சோறு போர்வையில் சிந்தியது. அவர் கிண்ணத்தை என் அக்காளிடம் நீட்டினார். இத்தனை வருசமாக அவரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத ஒச்சம்மாள் அதை வாங்கவில்லை.

"நீயே குடு. அது கைய எறக்குற வரைக்கும் ஒக்காந்து குடு" என்றாள்.

உட்கார்ந்தார். கிண்ணத்துச் சோறு காய்ந்துபோகிற வரைக்கும் பிள்ளை கையை இறக்கவில்லை.