சாமி மரத்து நிழலில் சோலார்

எங்கள் லயத்துக்கு, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, சோலார் பம்ப் வந்தபோது, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக என் மனைவி பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தாள். கொழுந்து பறித்து வரும் சம்பளம் அரிசிக்கும் மாவுக்குமே பற்றாமல் போன காலம் அது. "லயத்துக்குப் பின்னால காய்கறி போட்டுப் பொழைச்சுக்கலாம்னா நான் ஏன் போறேன்? தண்ணிதான் இல்லையே" என்பாள். தண்ணீர் கீழே பள்ளத்து ஓடையில் இருந்தது.

திட்டத்தைக் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்து எஞ்சினியர். வெயிலில் பம்ப் ஓடும், பம்ப் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும், அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் செய்யலாம், அதில் காய்கறியும் போடலாம். "வெயில், தண்ணி, தோட்டம், மூண்டும் ஒண்டையொண்டு தாங்கும்" என்று அவர் சொன்னதை நான் லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். தண்ணீர்க் கமிட்டிச் செயலாளர் நான், பெருமைக்குக் குறைச்சலில்லை.

சோலார் தகடுகளை வைக்கத்தான் இடமில்லை. தேயிலைக்குள் ஓர் அடிகூடத் தர முடியாது என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லிவிட்டார். தலைமுறை தலைமுறையாக உழைத்த மலையில் எங்களுக்கென்று இருந்தது மாடசாமி கோயில் முற்றம் மட்டும். அங்கேயே வைத்தோம். காலையில் பனிமூட்டம். அது விலகிக் கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் நிற்கும் சாமி மரத்துக் கிளையின் நிழல் தகடுகள்மேல் விழுந்துவிடும். மாசி வறட்சியில் ஏறிய தண்ணீர் குடிக்கவே சரியாக இருந்தது. என் மனைவி பாத்தியில் போட்ட லீக்ஸ், போஞ்சிக் காய்கறிகள் வாடின.

"இந்தக் கொப்பை மட்டும் வெட்டினாக் காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்றார் எஞ்சினியர். ஒருவரும் கத்தியைத் தொடவில்லை. பூப்போட்டுக் கேட்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் வெட்டலாம். பொட்டலம் கட்டுவது செயலாளர் வேலை.

"ரெண்டுலயும் வெள்ளையவே வச்சுக் கட்டுங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றாள் என் மனைவி. தலையை ஆட்டினேன். இலையை விரித்தேன். சாமி குத்தமாகிவிடுமோ என்று பயந்து, ஒன்றில் செம்பருத்தியை வைத்துக் கட்டினேன். கோழை என்று என்னைச் சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

எடுக்க அவளையே கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டே வந்து எடுத்துப் பிரித்தாள். சிவப்பு. அவள் பூவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். சித்திரை பிறக்கும் முன்னே, இரண்டு வருட அக்ரிமென்டில் குவைத்துக்குப் போய்விட்டாள்.

அந்த இரண்டு வருடம் இப்போது முடியப் போகிறது. போன மாதம் மின்கம்பி இழுக்க வந்த ஆட்கள், யாரையும் கேட்காமல் அந்தக் கிளையை வெட்டித் தள்ளிவிட்டுப் போனார்கள். ஒருவருக்கும் காய்ச்சல்கூட வரவில்லை. தொட்டி நிரம்பி வழிகிறது. பக்கத்து வீட்டார் கரட் போட்டிருக்கிறார்கள். எங்கள் பாத்தியில் புல்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாள்.

"தண்ணி வருதா?"

உள்ளதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "இல்ல" என்றேன்.

"அப்ப சரி. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுடுறேன்" என்றாள்.