பார்க்க வந்த ஒருத்தி

ஜவ்வாது மலையடிவாரத்தில், கலசப்பாக்கம் பஸ் திரும்பிப் போகும் ஊரில், லாசர்தான் சபை உபதேசியார். வேதப்பள்ளியில் பாதிரியாராகும் அளவுக்கு அவர் தேறவில்லை. அங்கிருந்து கொண்டுவந்தது கொஞ்சம் கிரேக்கம். அதை வைத்தே ஊரை மிரட்டிவந்தார்.

பெரிய வெள்ளியன்று கோயில் வாசலில் சிலுவைப் பாடுகளின் நாடகம் நடக்கும். மேடையோரம் நின்று வேதம் வாசிப்பவர் லாசர். தொடங்கும் முன் கூட்டத்துக்கு ஒரு பாடம் உண்டு.

"கிரேக்க பாஷையில, பாக்கறவன் ஒருத்தன்னா தெயாதேஸ், பல பேருன்னா தெயாதாய். சும்மா பாக்கறது இல்ல, மெய்மறந்து பாக்கறது. தியேட்டருன்னு சொல்றமே, அதுவும் அந்த வழியில வந்ததுதான்."

மலையிலிருந்து புளி மூட்டையோடு இறங்கிய கோவிந்தன்கூடத் தலையாட்டுவான்.

எழுபத்தொன்பதில் பள்ளிக்கூட வாத்தியாராக பிலிப்ராஜ் வந்தார். வெண்கலக் குரல். சபைக் கமிட்டி வாசிப்பைத் தூக்கி அவரிடம் கொடுத்துவிட்டது. லாசருக்கு வயிறு எரிந்தது. வாசிப்பவர் வீட்டுப் பெண்தான் உபவாசக் கஞ்சி காய்ச்ச வேண்டும் என்பது ஊர் வழக்கம். அந்த வேலையும் வாத்தியார் மனைவி ஞானமேரிக்குப் போனது.

அந்த வருஷம் முதல்முறையாக லாசர் கூட்டத்தோடு தரையில் உட்கார்ந்தார். மெய்மறப்பதாவது! பிலிப்ராஜின் நாக்கு குழறட்டும் என்று ஜெபமே செய்தார், அந்த மனுஷர். குழறவில்லை. பெண்கள் பக்கம் பார்த்தார். அவர் மனைவி சாந்தாமேரி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள். கட்டினவள் அடுத்தவன் குரலுக்கு அழுகிறாள்! கஞ்சியைத் தொடாமலே எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தார்.

"அவன் வாசிச்சாதான் கண்ணுல தண்ணி வருதா ஒனக்கு? நான் இத்தினி வருஷம் வாசிச்சனே, ஒரு தபா அழுதியா?"

சாந்தாமேரி அவரையே பார்த்தாள்.

"நீங்க வாசிச்சத நான் எங்கங்க பாத்தேன்? கோயிலு பின்னால அடுப்பாண்ட இல்ல இருந்தேன். கஞ்சி அடிபிடிச்சா உங்க மானம் போவும்னு கிண்டிக்கினே கெடந்தேன். இன்னிக்கிதான் மொத மொறயா பாத்தேன். இதத்தான நம்ம வூட்டுக்காரரு நின்னு வாசிச்சாரு, நாம பாக்காமப் போய்ட்டமேன்னு நெனச்சேன். அழுவ வந்துடுச்சி."

லாசர் வேதப்புத்தகத்தை எடுத்தார்.

"உக்காரு" என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். லாசர் வாசிக்கத் தொடங்கினார். முதல் வசனத்திலேயே நாக்கு குழறியது.