என் உதடும் அப்பாவின் வயிறும்

தீபாவளி நெருங்கிய ஒரு சனிக்கிழமை, சிராங்கூன் சாலையில் அம்மாவோடு சேலை பார்த்துக்கொண்டிருந்தபோது என் மேலுதடு வீங்கத் தொடங்கியது. அரிப்பில்லை, தடிப்பில்லை. கடைக் கண்ணாடியில் பார்த்தால், வேறு யாருடைய வாயோ என் முகத்தில் இருந்தது.

கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்கு அவ்வப்போது கையோ முகமோ இப்படி வீங்கும். அலர்ஜி மாத்திரைக்கு அடங்காது, தானாகத்தான் வடியும். அம்மா முதலில் இறாலை நிறுத்தினார். பிறகு முட்டை, கத்திரிக்காய். கடைசியில் என் தட்டில் ரசமும் சந்தேகமும்தான் மிஞ்சின.

இந்த முறை மருத்துவமனையில் பார்த்த தமிழ் மருத்துவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்றார். இல்லை என்றார் அம்மா. துணைக்கு வந்திருந்த அப்பா தயங்கினார்.

"எனக்கு வீங்காது டாக்டர். வயிறுதான். திடீர்னு சுருட்டிப் பிடிக்கும், ரெண்டு நாள்ல போயிடும். கேஸ்னு விட்டுட்டேன்."

இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் மருத்துவர் விளக்கினார். கிருமி நுழைந்தால் முதலில் பாய்வதற்கென்று ஒரு காவல்படை பிறவியிலேயே ரத்தத்தில் இருக்கிறதாம். அதை அடக்கி வைக்கும் புரதம் எங்கள் இருவருக்கும் குறைவு. அது குறைந்தால் கிருமியே இல்லாதபோதும் அந்தப் படை பாய, ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வீங்கிவிடும். எனக்கு உதட்டில், அப்பாவுக்குக் குடலில். அவரிடமிருந்துதான் எனக்கு வந்திருக்கிறது.

பொங்கோல் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் அப்பா வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"நல்லதா ஏதாச்சும் குடுத்திருக்கலாம் லா," என்றார்.

"மூக்கு உங்களோடதுதான்பா. அதை இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல."

எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

வீக்கமோ வலியோ வந்தால் நாங்களே போட்டுக்கொள்ள ஊசி கொடுத்தார்கள். தாதி இருவருக்கும் பழக்கிவிட்டார். வயிற்றுக்குப் பயந்து, பாலம் கடந்தால் வரும் ஜொகூரைத் தாண்டாத அப்பா, அடுத்த டிசம்பரில் எங்களை ஜப்பானுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு மதியம், விடுதி அறையில், அவருக்கு வலி வந்தேவிட்டது. அம்மா பதறினார். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, சட்டையைத் தூக்கி, ஊசியைத் தானே போட்டுக்கொண்டார்.

பொழுது சாயும்போது வலி விட்டு எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"கெளம்புங்க," என்றார், காலுறையைத் தேடிக்கொண்டே. "நூடல்ஸ் கடைய மூடிடப் போறாங்க."