அத்தை மகன் கேட்ட பரோட்டா

என் அத்தை மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது; பேச்சும் இல்லை. அத்தையும் மாமாவும் குரங்கணி மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்ததால், படிப்புக்காக அவன் போடியில் எங்கள் வீட்டில் இருந்தான். இருவரும் ஒன்பதாம் வகுப்பு. அவன் ஜாடை எனக்கு மட்டும்தான் முழுதாகப் புரியும். வீட்டிலும் வகுப்பிலும் அவனுடைய வாய் நான்தான். அந்த வாயை என் வயிற்றுக்காகப் பயன்படுத்தினேன் என்பதை இந்த வயதில் மறைப்பதற்கில்லை.

சனிக்கிழமையானால் அவன் மலைப்பக்கம் கை நீட்டுவான். பிறகு மூக்குத்தி போடும் இடத்தைத் தொடுவான். மூக்குத்தி என்றால் அவன் அம்மா.

"மாப்ள என்னடா கேக்குறான்?" என்பார் அப்பா.

"முக்குக் கடையில வாசனை வருதாம்ப்பா. பரோட்டா வேணுங்கிறான்."

"மறுபடியுமா? இது வகுறா, மாவு மில்லா?" என்று சிரித்துக்கொண்டே வாங்கி வருவார். அவன் தன் பங்கில் பாதியை என் இலைக்குத் தள்ளிவிடுவான். அவனுக்கு எழுதத் தெரியும்தான். நான் சட்டென்று சொல்லிவிடும்போது, அவன் எழுதி முடிக்கும்வரை யார் காத்திருப்பார்கள்?

எண்பதுகளின் நடுவில் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஒவ்வொருவராகத்தான் உள்ளே போக வேண்டும். வழக்கம்போல அவனோடு நானும் நுழைந்தேன்.

"நீ எங்கடா? தட்டுறதுக்கு அவனுக்குக் கை இருக்குல்ல? வெளிய நில்லு" என்றார் சார்.

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்ட வேண்டும். மனதில் இருப்பதை அடிக்கும்படி பலகையில் எழுதிக் காட்டிவிட்டு, சார் கைகட்டிக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தவர், என் காதைத் திருகி உள்ளே இழுத்துப்போனார். திரையில் பச்சை நிற இங்கிலீஷ் எழுத்தில் இருந்ததைக் கூட்டி வாசித்தேன்: "அம்மாவப் பாக்கணும். வாராவாரம் கேக்குறேன். மாமா பரோட்டாதான் வாங்கித் தர்றாரு."

சாயங்காலம் சார் வீட்டுக்கே வந்து சொன்னார். அப்பா என்னை அடிக்கவில்லை. அவனைக் கட்டிக்கொண்டு, அவனுக்குக் கேட்காது என்பதையும் மறந்து, "அம்மாவப் பாக்க வேணாம்னு மாமா சொல்வேனாய்யா? சொல்வேனா?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் குரங்கணி ஜீப்பு வந்து நின்றது. அவன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

"நானும் வர்றேன்ப்பா!" என்று ஓடினேன்.

அப்பா என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்துவிட்டு ஏறிக்கொண்டார். சூடான பரோட்டா. ஜீப்பு திரும்பும்வரை அத்தை மகன் என்னைப் பார்த்து, மூக்கைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தான்.

அது தண்டனை என்றுகூட எனக்கு அப்போது தெரியவில்லை. முழுப் பொட்டலமும் எனக்கே என்ற சந்தோஷத்தில், சால்னாவை ஊற்றி உட்கார்ந்து சாப்பிட்டேன்.